வினாத்தாள் முதல் விண்மீன் வரை: வகுப்பறைக்குக் கட்டற்ற மென்பொருள்

(வெள்ளானூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். கணினி அறிவியல் படித்தவள் அல்ல. அதனால்தான் இந்தத் தலைப்பில் பேச ஒப்புக்கொண்டேன். கணினி வல்லுநர் ஒருவர் வந்து பேசினால், "அவருக்கு வரும், நமக்கு வராது" என்று நாம் எழுந்து போய்விடுவோம். நான் பேசினால் அப்படிச் சொல்ல முடியாது அல்லவா?

ஒரு வாரத்தில் நாம் கணினியில் என்னென்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வளரறி மதிப்பீட்டு மதிப்பெண் பட்டியல், பருவத் தேர்வு வினாத்தாள், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், ஆண்டு விழா அழைப்பிதழ், நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்த நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம், பாடத்துக்கு ஒரு காணொளி. இவை எதற்கும் விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. திருட்டுப் பிரதியும் தேவையில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நடப்பதைப் பேசுவோம். பழைய கணினி பழுதானால் கடைக்குக் கொண்டுபோகிறோம். கடைக்காரத் தம்பி, "எல்லாம் போட்டுத் தரேன் டீச்சர்" என்கிறார். இயங்குதளம், அலுவலக மென்பொருள், படம் திருத்தும் மென்பொருள் என எல்லாவற்றையும் ஒரே தொகைக்குப் போட்டுத் தருகிறார். அந்தத் தொகை அவருடைய உழைப்புக்கு. மென்பொருளை உருவாக்கியவருக்கு அதில் ஒரு பைசா போவதில்லை. அது உரிமம் இல்லாத பிரதி. பூட்டை உடைத்து உள்ளே போவதற்காகச் சேர்க்கப்படும் சிறு நிரலைத்தான் "கிராக்" என்கிறார்கள். அது வேலை செய்ய வேண்டுமென்றால் பல நேரங்களில் வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்லும், புதுப்பித்தலையும் தடுத்து வைக்கும். பூட்டை உடைத்தவர் கதவைச் சாத்திவிட்டுப் போவார் என்பதற்கு என்ன உறுதி? அதே கணினியில்தான் நம் மாணவர்களின் பிறந்த தேதி, ஆதார் எண், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கின்றன.

இதற்கு நேர்மையான மாற்றுவழி ஒன்று உண்டு. அதுதான் கட்டற்ற மென்பொருள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் "குனு" திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், அது எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் படிக்கலாம், பிறருக்குப் பகிரலாம், திருத்தி மேம்படுத்தி அதையும் பகிரலாம். இந்த நான்கு உரிமைகளும் பயனருக்கு இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லும் இயங்குதளம். நம் கைப்பேசியிலுள்ள ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருநிரலின் மேல்தான் நிற்கிறது.

ஆசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. நீங்கள் ஒரு கற்றல் கற்பித்தல் துணைக்கருவி செய்கிறீர்கள், பின்ன அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து பார்த்து, தன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றிச் செய்துகொள்கிறார். அடுத்த கூட்டத்தில் அவர் செய்த மாற்றத்தைப் பார்த்து நீங்களும் கற்றுக்கொள்கிறீர்கள். இதற்கு யாரும் யாரிடமும் உரிமக் கட்டணம் கேட்பதில்லை. குறுவள மையம் இயங்குவதே இந்த முறையில்தானே? மென்பொருளிலும் அதேதான் நடக்கிறது.

இது வெளியூர்ச் சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. 2000களின் நடுவில் மேல்நிலைக் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு "ஸ்டார் ஆபிஸ்" நினைவிருக்கும். அந்த ஸ்டார் ஆபிஸின் மூல நிரலைச் சன் நிறுவனம் 2000இல் திறந்துவிட்டதால் பிறந்ததுதான் ஓப்பன் ஆபிஸ். 2010 செப்டம்பரில் அதிலிருந்து லிப்ரே ஆபிஸ் பிரிந்தது. ஆக, அன்று +2 மாணவர்கள் படித்ததன் பேரப்பிள்ளையைத்தான் இன்று நாம் லிப்ரே ஆபிஸ் என்கிறோம். அதே காலத்தில் நம் மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென "பாஸ் லினக்ஸ்" இயங்குதளத்தை உருவாக்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. கணினியைத் திறந்ததும் "எது வேண்டும்" என்று கேட்கும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது வரியை யாரும் தொட்டதே இல்லை. தொட்டுக் காட்ட ஆளில்லை என்பதுதான் காரணம்.

2018இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸும், ஓப்பன் ஆபிஸும் வந்தன. 9ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசிப் பாடம் லிப்ரே ஆபிஸ் கால்க். 10ஆம் வகுப்பில் ஸ்கிராட்ச். பாடநூல் சொல்லிவிட்டது. நம் பள்ளிக் கணினியில் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்து மாநிலமான கேரளத்தில் "ஐ.டி. அட் ஸ்கூல்" திட்டம், இன்றைய பெயரில் "கைட்", பல ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் லினக்ஸைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வும் அதில்தான் நடக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம்.

இனி அன்றாட வேலைகளுக்கு வருவோம்.

முதலில் தமிழில் தட்டச்சு. பழைய வினாத்தாள் கோப்பைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்கிறோம். காரணம் எளிது. பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். அதன்மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்தக் குறியீடுகள் உண்டு. "அ" எங்கே போனாலும் "அ"தான். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. நாம் இன்னும் பழைய எழுத்துருவில் வினாத்தாள் அடித்தால், ஐந்து ஆண்டுகள் கழித்து அதை நாமே படிக்க முடியாமல் போகும்.

தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் "அம்மா" வந்துவிடும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு இது கைவந்த கலை. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று தினமும் நாம் நடத்துவதைத்தான் விசைப்பலகையும் செய்கிறது. லினக்ஸில் இது உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் தமிழ் 99ஐச் சேர்த்தால் போதும். விண்டோஸில் "இ-கலப்பை" என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. எழுத்துருவுக்கு லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்றவற்றை இலவசமாகவும் உரிமத்துடனும் பயன்படுத்தலாம்.

அடுத்து வினாத்தாள். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் அடியுங்கள். கணித ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: அதிலேயே வாய்ப்பாடு எழுதும் கருவி உண்டு. 1, ஓவர், 2 என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒன்றின் கீழ் இரண்டு சரியான பின்னமாக நிற்கும். முடித்ததும் அங்கேயே ஒரு பொத்தானை அழுத்தினால் பிடிஎஃப் ஆகிவிடும். அச்சகத்துக்கு எப்போதும் பிடிஎஃப் கோப்பையே கொடுங்கள். அவரிடம் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. பிறர் திருத்த வேண்டிய கோப்பு என்றால், கோப்பின் பண்புகளில் எழுத்துருவை உள்ளே பொதிந்து சேமிக்கும் வசதியும் இருக்கிறது.

மதிப்பெண் பட்டியலுக்குக் கால்க். ஒரு வகுப்பில் 40 பேர். பெயர் முதல் நெடுவரிசையில், மதிப்பெண் இரண்டாவதில். 35க்குக் கீழே எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ண வேண்டாம். "கவுண்ட்இஃப்" என்ற சூத்திரத்தில் பி2 முதல் பி41 வரை என்று சொல்லி, "35க்குக் குறைவு" என்ற நிபந்தனையைக் கொடுத்தால் எண்ணிச் சொல்லிவிடும். நிபந்தனை வடிவமைப்பைப் பயன்படுத்தினால் அந்தப் பெயர்கள் மட்டும் நிறம் மாறி நிற்கும். இது தலைமையாசிரியருக்குக் கணக்குக் காட்ட மட்டுமல்ல. முதல் பருவத்தில் நிறம் மாறிய பிள்ளை இரண்டாம் பருவத்திலும் அதே நிறத்தில் நின்றால், நம் கண்ணுக்கு அது தப்பாது. சேமிக்கும்போது கடவுச்சொல் இட்டுச் சேமியுங்கள். அது ஒரு டிக் அடிக்கும் வேலைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஃப்ரீ" என்று எழுதியிருப்பதெல்லாம் கட்டற்றது அல்ல. இரண்டு பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக்க வேண்டும் என்று இணையத்தில் தேடுகிறோம். ஏதோ ஒரு தளம் "இலவசம்" என்கிறது. மாணவர் பெயர்ப் பட்டியலை ஆதார் எண்ணோடு அதில் ஏற்றிவிடுகிறோம். அந்தக் கோப்பு எந்த நாட்டுக் கணினிக்குப் போனது, அழிக்கப்பட்டதா என்று நமக்குத் தெரியாது. பெற்றோர் நம்மை நம்பித் தந்த விவரம் அது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களின் தரவுக்குத் தனிக் கவனம் தருகிறது. "பிடிஎஃப் அரேஞ்சர்" என்ற சிறிய கட்டற்ற மென்பொருள் நம் கணினிக்குள்ளேயே பக்கங்களைச் சேர்க்கும், பிரிக்கும், திருப்பும். இணைய இணைப்பே தேவையில்லை. கோப்பு நம் அறையை விட்டு வெளியே போகாது.

பாடத்துக்கான கருவிகளைப் பார்ப்போம். காணொளி காட்ட வி.எல்.சி. அதில் வேகத்தைக் குறைத்துக் காட்டலாம். அறிவியல் சோதனையை மெதுவாக ஓட்டினால் பிள்ளைகள் கவனிப்பார்கள். ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி. ஒன்று இரண்டாம் வகுப்புப் பாடல்களை நம் குரலிலேயே பதிந்து வைத்துக்கொள்ளலாம். திரையைப் பதிவு செய்து பாடக் காணொளி உருவாக்க ஓ.பி.எஸ். படம் திருத்த ஜிம்ப், பதாகை வடிவமைக்க இங்க்ஸ்கேப். தொடக்கப் பள்ளிக்கு டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி. டக்ஸ் பெயின்டில் எலியைப் பிடித்துப் பழகும் பிள்ளைக்கு வண்ணமும் சேர்ந்தே வசப்படும். இயற்பியல் சோதனைகளைத் திரையில் செய்துபார்க்கக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் "ஃபெட்" செயலாக்கங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. வானியலுக்கு ஸ்டெல்லேரியம். இடத்தை ஆவடி என்று குறித்து, ஏறத்தாழ 13 பாகை வட அட்சம், 80 பாகை கிழக்குத் தீர்க்கம் கொடுத்தால், நம் ஊர் வானம் திரையில் விரியும். வெளிவட்டச் சாலை விளக்குகளால் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போன விண்மீன்களைப் பகல் பதினொரு மணி வகுப்பில் காட்டலாம். பிறகு மாலையில் மொட்டை மாடியிலிருந்து எது தெரிகிறது என்று அவர்களே தேடிப் பார்த்து வந்து சொல்வார்கள்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் செய்தி. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பு பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. நம் மாநிலத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பிள்ளைகளுக்குப் போயிருக்கின்றன. அவற்றில் எத்தனையோ, அண்ணன் அக்காவின் படிப்பு முடிந்ததும் "ரொம்ப ஸ்லோ" என்று பீரோ மேலே ஏறிவிட்டன.

என் 9ஆம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அக்காவுக்கு +2இல் கிடைத்தது. கால்க் பாடம் நடத்தும்போது, "எங்க வீட்டுலயும் லேப்டாப் இருக்கு மிஸ், ஆனா திறக்க பத்து நிமிஷம் ஆகும்" என்றாள். அம்மாவிடம் பேசி, ஒரு சனிக்கிழமை அக்காவையும் வரச் சொன்னேன். அக்காவின் சான்றிதழ்களையும் படங்களையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்தோம். பிறகு இன்னொரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை எழுதி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை, ஒலி, விசைப்பலகை எல்லாம் வேலை செய்கின்றன என்று உறுதியான பின்தான் நிறுவினோம். இரண்டு ஜி.பி. நினைவகம் உள்ள கணினி. ஒரே நேரத்தில் பத்து இணையப் பக்கங்களைத் திறந்தால் திணறும். லிப்ரே ஆபிஸ் நன்றாகவே ஓடுகிறது.

அவள் அம்மா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அந்த மாணவி பாடநூல் பயிற்சியை விட்டுவிட்டு, அம்மாவின் கணக்கை கால்க்கில் போட்டுக்கொண்டு வந்தாள். நூல், கொக்கி, லைனிங் துணி என்று தனித்தனி வரிசை. லைனிங் வைத்த ரவிக்கைக்கு அம்மா துணிக் காசு கூட முழுதாக வாங்குவதில்லை என்று அந்தப் பட்டியலில்தான் தெரிந்தது. அடுத்த மாதம் கூலியை மாற்றிக்கொண்டார்கள். ஒரு பாடம் வீட்டுக்குள் போவது என்றால் இதுதான். அதற்குத் தேவைப்பட்டது ஒரு சனிக்கிழமையும் ஒரு பென்டிரைவும்.

சிரமங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிற மென்பொருளில் செய்த வேர்டு கோப்பைத் திறந்தால் அட்டவணை சற்று நகரலாம். சில அச்சுப்பொறிகள் லினக்ஸில் உடனே பேசாது. வாங்கும் முன் கேட்டு வாங்க வேண்டும். சில இணையதளங்களும் கருவிகளும் விண்டோஸையே எதிர்பார்க்கும். அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். விண்டோஸ் இருக்கும் கணினியிலேயே லிப்ரே ஆபிஸையும் வி.எல்.சி.யையும் நிறுவலாம். கருவி கைக்குப் பழகிய பிறகு இயங்குதளம் மாறினாலும் பெரிதாகத் தெரியாது. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் துறையின் பொறுப்பில் இருப்பவை. தலைமையாசிரியர் அனுமதியும் உரிய வழிகாட்டலும் இல்லாமல் அவற்றில் எதையும் மாற்றக் கூடாது. நம் சொந்தக் கணினியிலும், பெற்றோர் சம்மதத்தோடு மாணவர் வீட்டுக் கணினியிலும் தொடங்கலாம்.

உதவிக்கும் ஆள் உண்டு. 2012 முதல் "கணியம்" இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. லினக்ஸ், பைத்தான் என்று எளிய தமிழ் நூல்களை அவர்கள் இலவசமாகவே தருகிறார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது. கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். நாமும் அவர்களுக்குத் திருப்பித் தரலாம். லிப்ரே ஆபிஸைத் தமிழ் இடைமுகத்துடன் பயன்படுத்தும்போது சில சொற்கள் நெருடும். "இது தமிழ் ஆகுமா?" என்று நாம் முகம் சுளிப்போம். அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் ஓய்வு நேரத்தில் உழைத்த தன்னார்வலர்கள். அதைத் திருத்தும் உரிமை நமக்கும் உண்டு. நல்ல தமிழ் தெரிந்த ஆசிரியர்களை விட அதற்குப் பொருத்தமானவர் யார்?

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். இந்த மாதம் லிப்ரே ஆபிஸை நிறுவி, அடுத்த தேர்வுக்கான ஒரே ஒரு வினாத்தாளை யூனிகோடில் அடியுங்கள். மாணவர் விவரம் உள்ள எந்தக் கோப்பையும் பெயர் தெரியாத இணையதளத்தில் ஏற்றாதீர்கள். உங்கள் வகுப்பில், "யார் வீட்டில் ஓடாத மடிக்கணினி இருக்கிறது?" என்று ஒருமுறை கேளுங்கள். உயரும் கைகளை எண்ணி வையுங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு அந்த எண்ணிக்கையோடு வாருங்கள். எந்தச் சனிக்கிழமை, எந்தப் பள்ளியில் உட்காரலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம். பென்டிரைவை நான் கொண்டுவருகிறேன்.